கயிறு யார் கையில்? பேஸ் கிட்டார், பெண், மதுக்கூட மேடை

ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டால் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடிக்கு உறக்கம் குறைவு. அந்த நாட்களில் ஊருக்குள் எங்காவது ஒரு மெல்லிசைக் கச்சேரி நடக்கும். அடுத்த முறை அப்படியொரு மேடையைப் பார்க்க நேர்ந்தால், பாட்டைச் சற்று மறந்துவிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முன்வரிசையில், மைக்கின் அருகே, பட்டுச்சேலையில் ஒரு பாடகி. சில குழுக்களில் அவருக்குத் துணையாக இன்னொரு பெண். அவர்களுக்குப் பின்னால் கீபோர்டு, டிரம்ஸ், தபேலா, ரிதம் பேடு, லீட் கிட்டார், பேஸ் கிட்டார் என எல்லாவற்றின் முன்னும் ஆண்கள். நான் கேட்டு வளர்ந்த மேடைகளில் இந்த வரிசை மாறியதாக நினைவில்லை. பெண்ணின் குரலுக்கு இடம் உண்டு. கருவிக்கு முன்னால் அவளுக்கு இடம் இல்லை.

அந்தக் கருவிகளில் பேஸ் கிட்டாரைப் பற்றி மட்டும் இங்கே பேச விரும்புகிறேன். நான்கு கம்பிகள், நீண்ட கழுத்து, தாழ்ந்த ஒலி. டிரம்ஸின் தாளத்தையும் பாட்டின் சுரத்தையும் ஒன்றாகக் கட்டி வைப்பது அதன் வேலை. பாட்டைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டின் தரை நழுவிவிடும். இருக்கும்வரை கண்ணில் படாமல், நின்றால் மட்டும் உறைக்கிற உழைப்பு என்றால் பெண்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டில் நாம் காலங்காலமாகச் செய்துவருவது அதைத்தான். அப்படியென்றால் மேடையில் மட்டும் அந்த வேலை ஏன் ஆணுடையதாயிற்று?

கை சிறியது, கம்பி தடிமன், கருவி கனம் என்று பதில் சொல்வார்கள். இந்தப் பதிலின் வயதை முதலில் பார்த்துவிடலாம். மின்சார பேஸ் கிட்டாரைப் பரவலாக்கிய பிரிசிஷன் பேஸை லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951இல். அதற்கு முன்பு அந்தத் தாழ்ந்த ஒலிக்கு, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸை வைத்து வாசித்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி வந்ததே அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்பிலும் மீன் கூடையைத் தலையிலும் சுமக்கிற பெண்களின் ஊரில் நின்றுகொண்டு, தோளில் தொங்கும் ஒரு கருவியின் கனத்தைக் காரணமாகச் சொல்வது வேடிக்கையாக இருக்கிறது.

அந்தக் கருவி வந்து பன்னிரண்டே ஆண்டுகளில் அதை எடுத்து உச்சம் தொட்ட ஒரு பெண் இருக்கிறார். 1935இல் பிறந்த கரோல் கே, லாஸ் ஏஞ்சலஸின் இரவு விடுதிகளில் ஜாஸ் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். 1963இல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதன்பின் அவர் அங்கிருந்து எழவேயில்லை. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) உட்பட, உலகம் இன்றும் முணுமுணுக்கிற ஏராளமான பாடல்களுக்கு அடியில் ஓடுவது அவருடைய விரல்கள். அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் ஒலிப்பதிவுக் கலைஞர்களின் பெயரைப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அதனால் கேட்டவர்கள் பலருக்கு வாசித்தது ஒரு பெண் என்பதே தெரியாது. அறைக்குள், பெயரில்லாமல், முகம் தெரியாமல் என்றால் பெண் பேஸ் வாசிக்கலாம் என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

முகம் தெரிய வாசித்தவர் சூசி குவாட்ரோ. 1964இல் டெட்ராய்ட் நகரில் சகோதரியோடும் தோழிகளோடும் சேர்ந்து பெண்கள் மட்டுமே கொண்ட ஒரு குழுவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 14. இளையோர் கூடும் விடுதிகளில் வாசித்துப் பழகியவர், 1973இல் 'கேன் த கேன்' பாட்டால் பிரிட்டனின் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாடியபடியே, குழுவின் நடுவில் அவர் நின்றார். கை சிறியது என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை.

நம்முடைய மரபிலும் இந்தப் பங்கீடு பழையது. வாய்ப்பாட்டும் வீணையும் பெண்ணுக்கு, தாளமும் காற்றுக்கருவியும் ஆணுக்கு என்று கர்நாடக இசை மேடை வகுத்து வைத்திருந்தது. வீணை தனம்மாளை (1867–1938) தெய்வமாகப் போற்றிய அதே உலகம், மிருதங்கம் எடுத்த பெண்ணை வியப்புப் பொருளாகப் பார்த்தது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறிய திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? நாதஸ்வரத்தை ஏந்திய மதுரை பொன்னுத்தாய், கடம் எடுத்த சுகன்யா ராம்கோபால் என ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு சுவரை இடித்தவர்கள். தம்மோடு சேர்ந்து வாசிக்க மறுத்த ஆண் கலைஞர்களைப் பற்றி சுகன்யா வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் ஏறியது சபா மேடை. அங்கே விளக்கேற்றிக் கச்சேரி தொடங்குவார்கள், வந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்து கேட்பார்கள். மரியாதையான மேடையிலேயே இந்த நிலை என்றால், மதுக்கூட மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பப் என்று இன்று நாம் சொல்லும் இடத்தில், அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிக்கும் கவர் குழுக்கள் நமக்கு மிகவும் புதியவை என்று நினைக்கிறோம். 1969இல் சென்னை அண்ணா சாலையில், சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்றொரு இரவு விடுதி இருந்தது. பம்பாயில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர், காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டுமாக அங்கே ஏறி ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். உஷா ஐயர் என்று அப்போது பெயர், பின்னாளில் உஷா உதுப். அங்கிருந்து தொடங்கிய பயணம் பம்பாய்க்கும், பிறகு கல்கத்தா பார்க் தெருவின் டிரிங்காஸ் விடுதிக்கும் அவரைக் கொண்டுபோனது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1948 முதல் 1971 வரை தமிழ்நாட்டில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. ஆக, அவர் பாடியது மதுவிலக்கு ஊரின் இரவு விடுதியில். மது இருக்கிறதோ இல்லையோ, பெண் இரவில் ஏறும் மேடை என்றாலே ஒரு கறை ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சேலை அவருடைய விருப்பம், அவருடைய அடையாளம். அதுவே ஒரு கவசமாகவும் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். அவரோடு மேடையில் இருந்த ஆண்கள் எந்த உடைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கறைக்கு வரலாறு உண்டு. கலையைத் தொழிலாகக் கொண்ட பெண்களைப் பொதுமகளிர் என்று ஒதுக்கிய காலனியக் காலப் பிரச்சாரமும், 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் தமிழ் மேடையின் மேல் ஒரு நீண்ட நிழலை விட்டுச் சென்றன. சுரண்டலை ஒழிக்க மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் நடத்திய போராட்டம் நியாயமானது, தேவையானது. ஆனால் சமூகம் அதிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. சுரண்டியவனை மறந்தது, மேடையேறிக் கூலி வாங்கும் பெண்ணைச் சந்தேகிப்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

அந்தச் சந்தேகம் சட்டமாகவும் எழுதப்பட்டது. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் கலால் சட்டம் சொன்னது. தில்லியிலும் நடைமுறையில் இருந்த அந்தப் பிரிவு செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2007இல். பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்ற பெயரில் அவள் பிழைப்பைப் பறிக்க முடியாது என்பதே அதன் சாரம். மகாராஷ்டிரத்தில் 2005இல் மதுக்கூட நடனத்துக்குத் தடை வந்தது. பிழைப்பை இழந்தவர்கள் ஆடிய பெண்கள். பிறகு ஆர்கெஸ்ட்ரா பார் என்ற உரிமத்தின் கீழ் இசைக்கு மட்டும் அனுமதி கொடுத்தபோது ஒரு கணக்கையும் சேர்த்தே வைத்தார்கள்: மேடையில் எட்டு பேர், நான்கு பெண்கள், நான்கு ஆண்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எட்டு என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, பாலினக் கணக்கை நீக்கியது. எட்டு பேரும் பெண்களாக இருக்கலாம். அதாவது, மதுக்கூட மேடையில் பாடுவதும் டிரம்ஸ் வாசிப்பதும் பேஸ் பிடிப்பதும் எல்லாமே பெண்கள் என்ற ஒரு குழு அங்கே சட்டப்படி சாத்தியமாகி இன்னும் சில ஆண்டுகளே ஆகின்றன.

எங்கள் கடலுக்கு அக்கரையிலும் இதே கதைதான். மதுக்கடைக்குள் பெண்ணுக்கு மது விற்பதை 1979இல் ஓர் ஆணை மூலம் இலங்கை தடைசெய்தது. மது சார்ந்த இடங்களில் பெண்கள் வேலை செய்வதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். சட்டம் தடுக்காத இடத்தில் கை தடுத்தது. 2009 ஜனவரி 24 அன்று மங்களூரு பப் ஒன்றில் இருந்த பெண்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். 2013 பிப்ரவரியில், காஷ்மீரின் மூன்று பள்ளிச் சிறுமிகள் தொடங்கிய 'பிரகாஷ்' இசைக்குழு, மிரட்டல்களுக்கும் மத அறிவிப்புக்கும் பிறகு கலைந்தது. அவர்கள் வாசித்தது மதுக்கூடத்தில் கூட அல்ல. பப் என்பது ஒரு சாக்கு. கருவியும் கையுமாகப் பெண் நிற்பதுதான் அவர்களுக்குச் சிக்கல்.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். கண்ணில் படாத உழைப்பு பெண்ணுக்கு உரியது என்றால், பேஸ் ஏன் அவளுக்கு இல்லை? முத்துக்குளித்துறையில் சொல்லப்படும் ஒரு வழக்கம் எனக்கு விடை தருகிறது. கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் உயிர் போய்விடும். அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்பார்கள். தன் அக்கா தங்கச்சியின் தாலி அறுந்துவிடக் கூடாது என்று அவன் கண்ணை எடுக்காமல் நிற்பான் என்பது கணக்கு. இந்தக் கதையில் பெண் எங்கே இருக்கிறாள்? அவள் தாலிதான் அந்தக் கயிற்றுக்கு உத்தரவாதம். ஆனால் கயிறு அவள் கையில் இல்லை. அவள் தோணியிலேயே இல்லை.

பேஸ் வாசிப்பவர் அப்படிக் கயிறு பிடிப்பவர். பாடுபவர் எவ்வளவு ஆழம் போனாலும் இழுத்து மேலே கொண்டுவர வேண்டியவர். அது ஆதரவு மட்டுமல்ல, அதிகாரமும்கூட. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், பாட்டு எங்கே இறங்க வேண்டும் என்பதும் அந்தக் கையில் இருக்கிறது. வீட்டில் நம் உழைப்பு கண்ணில் படாதது, கூலியும் இல்லாதது. மேடையில் அதே உழைப்புக்குக் கூலி உண்டு, இரவு உண்டு, பயணம் உண்டு, பாடகியையும் சேர்த்து வழிநடத்தும் உரிமை உண்டு. நமக்கு மறுக்கப்பட்டது உழைப்பு அல்ல, அதோடு ஒட்டியிருந்த இவையெல்லாம்தான்.

எங்கள் திரைப்பாட்டில் இந்தக் கருவிக்குத் தனி மரியாதையை உண்டாக்கியவர் இளையராஜா. அவருடைய குழுவில் சசிதரனும், பின்னாளில் ஏ.ஆர்.ரகுமானிடம் கீத் பீட்டர்ஸும் வாசித்ததைக் கேட்டே தமிழ் இளைஞர்கள் பேஸ் பழகினார்கள். ரகுமானின் மேடையில்தான் 1996இல் பிறந்த மோஹினி டேயையும் நாம் பார்த்தோம். அவருடைய அப்பாவும் பேஸ் கலைஞர், சிறு வயதிலேயே மகள் கையில் கருவியைக் கொடுத்தவர். மோஹினியின் திறமையைக் கொண்டாடும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருவியும் ஆசானும் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்ணுக்குக் கதவு திறந்தது. கருவி பக்கத்து வீட்டுப் பையனிடம் மட்டும் இருக்கிற பெண்ணுக்கு?

என் மாணவி ஒருத்தி கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறாள். பாடகர் குழுவில் ஆள் குறைந்த ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு அண்ணனின் கிட்டாரை எடுத்தவள். விடுமுறை நாட்களில் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் வாசிக்க ஒரு குழு அவளை அழைத்தது. ஓர் இரவுக்கு அவர்கள் தருவதாகச் சொன்ன பணம் அவளுடைய பருவக் கட்டணத்தில் பாதி. "ஏட்டி, கோயில்ல எவ்வளவு வேணும்னாலும் வாசி. பார்ல போய் வாசிச்சேன்னா ஊரு என்ன பேசும்?" என்றார் அம்மா. அதே குழுவில் வாசிக்கும் அவள் அண்ணனிடம் அம்மா கேட்டது, "சாப்பாடு போடுவாகளா?" என்று மட்டும்தான்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் பேசும் என்பது அவருக்கு வெறும் பேச்சல்ல. நாளை அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்கப் போவதும் பெண்கள்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவள் என்னிடம் வந்து கேட்டது வேறு. "மேம், வாசிச்சு முடிய பதினொன்றரை ஆயிரும். அதுக்கப்புறம் ஊருக்கு பஸ் இல்ல. பசங்க எல்லாம் பைக்ல வந்துருவாங்க. நான் எப்படி வர?"

மானம், மரபு, பண்பாடு என்று நாம் பேசுகிறதையெல்லாம் அவள் ஒரே கேள்வியில் தரைக்குக் கொண்டுவந்துவிட்டாள். எழுத்தில் ஒப்பந்தம், ஆணுக்குச் சமமான கூலி, உடை மாற்ற ஓர் அறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, வீட்டு வாசல் வரை ஒரு வண்டி. கல்லூரியில் மாணவிகள் எடுத்துப் பழக, பூட்டி வைக்காத ஒரு பேஸ் கிட்டார். பெண்ணின் கையில் கயிறு வருவதற்கு இவை வேண்டும். தீர்ப்புகள் மேடையின் கணக்கைத் திருத்திவிட்டன. மேடையிலிருந்து வீட்டுக்கு வரும் சாலையை இன்னும் யாரும் திருத்தவில்லை. அவளும் நானும் அந்த விடுதிக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரியாக வண்டியைத்தான் கேட்டிருக்கிறோம்.