கலிலியோ (கற்பனை விண்ணோடம்)

'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் எண்டர்பிரைஸ் விண்கப்பலில் இருந்த சிறு விண்ணோடம் கலிலியோ. வானியலாளர் கலிலியோ கலிலியின் பெயரைத் தாங்கிய இதன் பதிவெண் என்சிசி-1701/7.

1966 செப்டம்பரில் தொடர் தொடங்கியபோது இந்த ஓடம் இல்லை. வாரந்தோறும் ஒரு கலம் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் ஆட்களை நொடியில் இடம் மாற்றும் 'டிரான்ஸ்போர்ட்டர்' கருவி கதைக்குள் வந்தது. அக்டோபரில் வந்த 'தி எனிமி விதின்' அத்தியாயத்தில் கருவி பழுதாகி, கப்பல் குழுவைச் சேர்ந்த சூலுவும் தோழர்களும் உறைபனிக் கோளில் சிக்கிக்கொள்கிறார்கள். ஓடம் அனுப்பி மீட்கும் பேச்சே அங்கு எழவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது ஏஎம்டி என்ற பொம்மை மாடல் நிறுவனம். மாடல்களை விற்கும் உரிமைக்கு ஈடாக, ஓடத்தைக் கட்டித்தர அது முன்வந்தது. தாமஸ் கெல்லாக் வடிவமைக்க, கார்களைப் புதுவடிவில் மாற்றியமைப்பதில் பேர்பெற்ற ஜீன் வின்ஃபீல்டின் பட்டறை சுமார் 22 அடி நீளத்தில் வெளிக்கூட்டைச் செய்தது. உள்பகுதி தனி அரங்கம். நடிகர்கள் நடமாட வசதியாக அதைப் பெரிதாக அமைத்தார்கள். கூர்ந்து பார்த்தால் உள்ளும் வெளியும் அளவில் பொருந்தாது.

1967 ஜனவரி 5 அன்று ஒளிபரப்பான 'தி கலிலியோ செவன்' இதன் முதல் கதை. இன்றளவும் சிறந்த கதையும் அதுவே. கப்பல் அதிகாரி ஸ்பாக் தலைமையில் ஏழு பேர் டாரஸ் 2 கோளில் விழுகிறார்கள். எரிபொருள் தீர்ந்த நிலையில், கைத்துப்பாக்கிகளின் ஆற்றலை வடித்து பொறியாளர் ஸ்காட் ஓடத்தைக் கிளப்புகிறார். கோளின் பேருருவ வாசிகளிடம் இருவர் ஏற்கெனவே பலியாகியிருந்தனர். ஓடம் மேலெழுந்த பின், மிச்ச எரிபொருளையும் வெளியே கொட்டிக் கொளுத்துகிறார் ஸ்பாக். அந்தச் சுடரைக் கண்ட எண்டர்பிரைஸ் ஐவரை மீட்கிறது, ஓடம் எரிந்துபோகிறது. தர்க்கத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பாக், நம்பிக்கையற்ற நேரத்தில் துணிந்து சூதாடிய அந்தக் கணம்தான் கலிலியோவை வெறும் ஊர்தி என்ற நிலையிலிருந்து உயர்த்தியது.

எரிந்த ஓடம் 'மெட்டமார்ஃபசிஸ்' உள்ளிட்ட கதைகளில் விளக்கமில்லாமல் திரும்பி வந்தது. 'கலிலியோ 2' என்ற பெயர் 1969இல்தான் தோன்றியது.

படப்பிடிப்பு முடிந்ததும் அசல் வெளிக்கூடு பலர் கைமாறி, நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்தது. 2012இல் ஏலத்தில் அதை எடுத்த ரசிகர்கள் நியூ ஜெர்சியில் படகுகளைச் சீரமைக்கும் பட்டறையில் கொடுத்துப் புதுப்பித்தனர். 2013 ஜூலையில் அது ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.