ஒரு நிரல், பல கம்பைலர்கள்



சுங்கை பட்டாணியிலிருந்தோ பீடோங்கிலிருந்தோ குலிம் பக்கம் போய் வருகிறவர்கள், அங்குள்ள உயர் தொழில்நுட்பப் பூங்காவைக் கண்டிருப்பீர்கள். 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதுவே நம் நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அத்தகைய இடங்களில் வேலை தேடுகிறார்கள். கணினிப் படிப்பும் படிக்கிறார்கள். நிரல் எழுதக் கற்றுக்கொண்டால் போதும் என்று அவர்களில் சிலர் எண்ணுகிறார்கள். எழுதிய நிரலை இயங்க வைக்கும் வேலை ஒன்று தனியாக இருக்கிறது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

மனிதர் எழுதும் நிரல் கணினிக்கு நேரடியாகப் புரியாது. அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் இதற்கு வழிகாட்டினார். 1957இல் ஐபிஎம் நிறுவனத்தின் போர்ட்ரான் கம்பைலர் வந்தது. 1960ஆம் ஆண்டு டிசம்பரில், கோபால் மொழியில் எழுதிய ஒரே நிரல் இரண்டு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓடிக் காட்டியது. ‘ஒருமுறை எழுதினால் பல இடத்தில் ஓட்டலாம்’ என்ற நம்பிக்கை அன்று வலுப்பெற்றது.

1969இல் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. அதன்பின் கம்பைலரும் விலைக்கு விற்கும் சரக்காக வளர்ந்தது. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இலவசக் கம்பைலர் ஒன்றை வெளியிட்டார். ஆயினும் மோட்டார் வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகளைப் போல உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பல இடங்களில், சான்றளிக்கப்பட்ட, விலைக்கு வாங்கும் கம்பைலர்களே இன்றும் வேண்டப்படுகின்றன.

பெரிய நிரல் ஒன்றில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். எதை முதலில் மாற்றுவது, எதை அடுத்து மாற்றுவது என்று யார் சொல்வது? நம் தாத்தா பாட்டி காலத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தண்டல் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார். கணினியில் அந்தத் தண்டல் வேலையைச் செய்ய, 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பெல்ட்மன் ‘மேக்’ என்ற மென்பொருளை எழுதினார். அவருடைய நண்பர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டு, திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய மறந்து, ஒரு காலைப்பொழுதை வீணாக்கியதுதான் இதற்குக் காரணம். மாறிய கோப்பை மட்டும் கண்டுபிடித்து மறுபடி செய்வது மேக்கின் சிறப்பு.

இனிதான் சிக்கல். கம்பைலர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பழக்கம். விளைந்த கோப்புக்குப் பெயர் வைக்க ஒன்று ஒரு குறியைக் கேட்கும். இன்னொன்று வேறு குறியைக் கேட்கும். விலைக்கு வாங்கிய கம்பைலர் பெரும்பாலும் உரிமக் கோப்பு எங்கே என்றும் கேட்கும். வேலைப் பட்டியலின் நூறு இடங்களில் ஒரே கம்பைலரின் பெயரையும் குறிகளையும் எழுதி வைத்தவர், கருவியை மாற்றும் நாளில் நூறு இடங்களிலும் திருத்த வேண்டியவர் ஆகிறார்.

ரப்பரிலும் இதுபோன்ற சிக்கல் இருந்தது. புகை போட்ட ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலத்தில், பார்ப்பவருக்குப் பார்ப்பவர் தரம் வேறுபட்டது. 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்த பிறகு, அழுக்கின் அளவு போன்றவற்றைச் சோதித்துத் தரம் சொன்னார்கள். சி மொழிக்கும் 1989இல் அமெரிக்கத் தரம் வந்தது. மொழி ஒழுங்குபட்டது, கருவிகளின் பழக்கம் அப்படியே நின்றது.

ஆகவே ஆணைகளை எழுதும் முறையையே மாற்றினார்கள். மேக்கில் கம்பைலரின் பெயரையும் அதன் குறிகளையும் மேலே ஓரிடத்தில் எழுதி, மற்ற இடங்களில் அதைச் சுட்டினால் போதும். 1991இல் வந்த ஆட்டோகான்ப், சிறு சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, அந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று தானே அறிந்துகொண்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் கிட்வேர் நிறுவனம் உருவாக்கிய ‘சிமேக்’, யூனிக்ஸ் கம்பைலர்களுக்கும் மைக்ரோசாப்டின் கம்பைலருக்கும் ஒரே விவரத்திலிருந்து தனித்தனி வேலைப் பட்டியலை உருவாக்கித் தந்தது. புதிய கம்பைலர் வந்தால், அதன் இருப்பிடத்தையும் பழக்கத்தையும் சொல்லும் ஒரு சிறு கோப்பைச் சேர்த்தால் பெரும்பாலும் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு கம்பைலர் உண்டாக்கிய துண்டை மற்றொன்றின் துண்டோடு இணைத்தால் சில வேளை பொருந்தாது. சி பிளஸ் பிளஸ் மொழியில் இது அதிகம். கம்பைலரை மாற்றினால் பழைய துண்டுகளை நீக்கிவிட்டு, முதலிலிருந்து செய்வதே நலம்.

பெற்றோர்களே, ஒரே தோட்டத்தை நம்பி வாழ்ந்து, அது துண்டாடப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஒரே கருவியை நம்பிய நிரலுக்கும் அந்தக் கதி நேரலாம். “உன் நிரல் வேறு கம்பைலரிலும் ஓடுமா?” என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஓடும்படி செய்யத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு வாசல் அடைத்தாலும் மறு வாசல் திறந்திருக்கும்.