விதையால் அளந்த பரப்பு

பரப்பளவு என்றதும் நீளத்தை அகலத்தால் பெருக்கப் பள்ளியில் பழகியிருக்கிறோம். தாமிரபரணிப் பாசனத்தில் அதற்கு வழங்கிய சொல் விதைப்பாடு. ஒரு கோட்டை, அதாவது 21 மரக்கால் நெல்லை விதைக்கப் போதுமான வயல் 'கோட்டை விதைப்பாடு'. 'படு' என்னும் வினையில் பிறந்த 'பாடு', விதை விழுந்து பரவும் அளவைக் குறிக்கிறது. கோல் பிடித்து அளக்கத் தெரியாததால் வந்த சொல் இது என்று சிலர் எண்ணலாம். ஆனால் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரத்தைக் 'குழி' என்று தமிழ்க் கல்வெட்டுகள் கணக்கிட்டன. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியில் ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதற்கும் குழி என்றே பெயர். கோல்கணக்கு கையில் இருந்தும் விதைக்கணக்கு நிலைத்தது என்றால், அதற்கு வயலில்தான் காரணம் தேட வேண்டும்.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்க்குக் கீழே நீர் இறங்கும் சரிவை ஒட்டி வரப்பு வளைந்து போகும். ஒரு தலை அகன்று மறுதலை குறுகிய வயலைக் கோலால் அளக்க, முக்கோணமும் நாற்கோணமுமாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். தேர்ந்த கை சீராக வீசும் விதைக்கு அந்தச் சிரமம் இல்லை. வளைவும் மூலையும் தாமே கணக்கில் சேர்ந்துவிடும். காலியான மரக்கால்களை எண்ணினால் பரப்பு கிடைத்துவிட்டது. ஸ்பெயினின் ஃபனேகாவும் இலங்கையின் அமுணமும் இப்படித்தான் தானிய அளவாகவும் நில அளவாகவும் வழங்கின.

மண்ணுக்கு மண், கைக்குக் கை விதை மாறுமே, அது எப்படி அளவாகும் என்பது நியாயமான கேள்வி. கோலும் ஊருக்கு ஊர் மாறியதுதான்; 12 அடிக் கோலுக்குக் குழி 144 சதுர அடி, கோல் நீண்டால் குழியும் பெருகும். இதைவிட வலுவான விடை நடவில் இருக்கிறது. நாற்றுப் பாவி நடும்போது நேர்விதைப்பைவிடக் குறைந்த விதையே போதும். ஒரு கோட்டை நெல் கூடுதல் வயலுக்குக் காணும். அதற்காகக் கோட்டை விதைப்பாடு பெருத்துவிடவில்லை. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் என்ற அளவிலேயே நின்றது. விதை குறைந்தும் வயலின் பெயர் மாறவில்லை.