ஒரு சாண் கார்: பெயின்டும் ஈரக்காற்றும்

4.3 மீற்றர் நீளமான ஒரு கார் 1/24 அளவு மாதிரியாகும்போது 18 சென்ரிமீற்றருக்குச் சுருங்கிவிடுகிறது. அதன்மேல் பூசும் பெயின்ட் மட்டும் சுருங்குவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் காரின் பூச்சு, அடிப்பூச்சு முதல் மேல் மினுக்கம் வரை, ஏறத்தாழ 100 மைக்ரோன் தடிப்புடையது. அதை 24ஆல் வகுத்தால் 4 மைக்ரோன். அவ்வளவு மெல்லிதாக அடித்து நிறத்தையும் மூட எந்த ஸ்பிரேயாலும் முடியாது. அதனால்தான் மாதிரிக் கார்களில் கதவு இடுக்குகள் தூர்ந்துபோகின்றன. மெட்டாலிக் நிறத்திலுள்ள உலோகத் துகள்கள் மணல்போலப் பெருத்துத் தெரிகின்றன. குறைவாகப் பூசி, நிறையப் பூசியதுபோல மினுங்க வைப்பதில்தான் இந்தக் கைவேலையின் கெட்டித்தனம் இருக்கிறது.

இத்துறையில் அதிகம் அறியப்பட்ட பெயர் ஜப்பானின் ஷிசுவோகா நகரிலுள்ள தமியா. 1946இல் மர ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறிய நிறுவனம் அது. அதன் 'டி.எஸ்.' வரிசை ஸ்பிரேக்கள் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தாக்காத லாக்கர் வகையைச் சேர்ந்தவை. ஆனால் வாயு அடைத்த ஸ்பிரே பேணிகளை விமானத் தபாலில் அனுப்ப முடியாது. எனவே இங்கே பலருடைய கை ஹாட்வெயார் கடை ஸ்பிரேக்குத்தான் போகிறது. அது உலோகத்துக்கென்று செய்யப்பட்டது. அதிலுள்ள கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளாக அரித்துப்போகும். கிட்டின் உதிரிகளைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, அதில் முதலில் அடித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் செல்லும். பழுதான பொடிக்கு மாற்றுப் பொடி கிடைக்காது.

பெயின்டுக்கு முந்திய வேலை அலுப்பானது, ஆனால் தவிர்க்க முடியாதது. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப் பசை போகும்படி, பாத்திரம் கழுவும் திரவத்தால் பாகங்களைக் கழுவ வேண்டும். அச்சு பொருந்திய இடங்களில் தெரியும் மெல்லிய கோடுகளை 600, 1000 இலக்க அரத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, பின் பிரைமர் அடிக்க வேண்டும். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த உடலுக்கு வெள்ளையோ மஞ்சளோ அடிப்பவர்கள் பிரைமரில் கஞ்சத்தனம் காட்டினால், சில நாட்களில் அடியிலுள்ள சிவப்பு மேலே ஊறி வந்து எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாக்கிவிடும்.

அடுத்து நமது காலநிலை. கிட்டோடு வரும் விளக்கத்தாள் இதைப்பற்றி அதிகம் பேசாது. லாக்கரிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டிய நாளில் அந்தக் குளிரில் நீர் படிந்து பெயின்டுக்குள் சிக்கும். பளபளக்க வேண்டிய கறுப்பு, பால் ஊற்றியதுபோல வெளிறிப்போகும். மழை பெய்து ஓய்ந்த மாலை நேரம் ஆறுதலாக இருக்கும். பெயின்டுக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில்தான் பொதுவாக ஈரப்பதன் குறைந்திருக்கும். அப்போதும் நிழலில்தான் அடிக்க வேண்டும். நேர் வெயிலில் துளிகள் போய்ச் சேருமுன்னரே காய்ந்து சொரசொரப்பாகும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் குறையும், புழுதி கூடும். வெளிறிய பூச்சை உடனே சுரண்டத் தேவையில்லை. நன்கு காயவிட்டு, மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லிய பனியாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பேணியை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்துக் குலுக்கினால் துளிகள் நுண்மையாகும். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது, பேணி வெடிக்கும். 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து, முதலில் இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியாக ஒரு ஈரப் பூச்சு. எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் எனாமல் சுருங்கி மடியும். லாக்கரின் மேல் எனாமல் பூசலாம்.

கராஜ்களில் அடிக்கும் 'டூ கே' கிளியரின் கண்ணாடி மினுக்கத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாக உணர்திறன் கொள்ளச் செய்து ஆஸ்துமாவை ஏற்படுத்தக்கூடியது. படுக்கையறையில் அடிப்பதற்கான பொருள் அது அல்ல. சாதாரண லாக்கருக்கும் துணி முகக்கவசம் போதாது. அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசமும் திறந்த இடமும் வேண்டும். சிறுபிள்ளைகளும், எரியும் அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கல்களின் மேல் கிளியர் அடிக்கும்போது முதல் பூச்சுகள் தூறலாகவே இருக்கட்டும். நனைய அடித்தால் அவை சுருண்டுவிடும். பிறகு காத்திருப்பு. மூக்கருகே பிடித்தால் கரைப்பான் மணம் வருமட்டும் பூச்சு காயவில்லை. ஒரு வாரமாவது விட்டு, 2000 இலக்கத்துக்கு மேற்பட்ட அரத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து, பொலிஷ் போட்டால் தோடம்பழத் தோல் போன்ற புள்ளிகள் மறையும். பொனட் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லிது என்பதால் அங்கே தேய்க்காமல் விடுவதே நல்லது. தூர்ந்த கதவு இடுக்குகளில் ஐதாக்கிய கறுப்பு எனாமலை ஓடவிட்டு, வழிந்ததைத் துடைத்தால் கதவு மீண்டும் கதவாகத் தெரியும். வெள்ளைக் காருக்குக் கறுப்பு எடுபடாது, சாம்பல் நிறமே பொருந்தும்.

எல்லாக் காரும் மினுங்கத்தான் வேண்டுமா? பிரித்தானியாவின் ஏர்பிக்ஸ் முன்னர் 1/32 அளவில் மொரிஸ் மைனர் கிட் ஒன்றை வெளியிட்டது. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனராக அதைச் செய்ய விரும்புபவருக்குப் பொலிஷ் வேலையே இல்லை. கூரைக்கும் பொனட்டுக்கும் உடலைவிட ஒரு படி வெளிறிய நிறம், மேலே மினுக்கமற்ற கிளியர், புகைக்குழாய் வாயிலும் பின் பம்பரின் அந்த மூலையிலும் தூரிகையால் தொட்டுப் பூசிய கரித்தூள்.