நின்ற நிலமும் நீங்கிய நிலமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இராசராசன் அளித்த பொன்னையும் திருமேனிகளையுமே வியந்து மீள்வர். மாணவ நண்பர்களை நான் இன்று அழைத்துச் செல்ல விரும்புவது அங்கேயே உள்ள ஒரு வறண்ட பகுதிக்கு. கோயிலுக்கு நெல் அளக்க விதிக்கப்பட்ட ஊர்களின் நிலக்கணக்குக்கு. சோழநாட்டு நிலம் கி.பி. 1001-ஆம் ஆண்டளவில் அளக்கப்பெற்றது. கோயில் 1010-இல் நிறைவெய்தியது. அவ்வளவையின் பயனே இக்கணக்கு.

ஒவ்வோர் ஊருக்கும் முதலில் முழுப் பரப்பு சொல்லப்படும். பின்னர் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியவை இறையிலியாக நீக்கப்படும். நீக்கியது போக நின்ற நிலமே, ஆடவல்லான் என்னும் மரக்காலால் கோயிலுக்கு நெல் அளக்கும். கணக்கின் நுட்பமோ பெரிது. வேலியின் 320-இல் ஒரு பங்கு முந்திரி. அதனையும் 320 கூறிட்டது கீழ்முந்திரி. இக்காலத்து வேலியைக் கொண்டு கணக்கிட்டால் அஃது ஏறக்குறைய 3 சதுர அடியே! அதற்குக் கீழும் இறங்கியிருக்கிறார்கள்.

கணிதத்தில் இந்நீக்கத்துக்கு நிரப்புக் கணம் என்று பெயர். அனைத்துக் கணம் இன்னதென்று கூறாமல் நிரப்புக் கணம் காண முற்படும் மாணவர் எந்த வகுப்பிலும் உண்டு. சோழர் கணக்கர் அப்படிச் செய்யவில்லை. முழுமையை முதலில் எழுதிக்கொண்டே நீக்கத் தொடங்கினர். மேலைநாட்டுத் தருக்கத்தில் இவ்வரையறையை 1847-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்தியவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. உறவுகளின் தருக்கத்துக்கு 1860-இல் அடிகோலியவரும் அவரே.

இனி, ஒரு வினா. கோயிலும் குளமும் சுடுகாடும் ஓர் இனமா? அல்ல. நெல் அளக்கும் கடன் இல்லாமை ஒன்றே அவற்றை ஒருங்கு நிறுத்துகிறது. நம் இலக்கணத்தின் அஃறிணையும் இத்தகையதே. மக்கள் அல்லாதவை என்ற அளவில் கல்லும் மாடும் காற்றும் ஒரு பெயர் பெறுகின்றன. கல்லுக்கும் மாட்டுக்கும் வேறென்ன ஒப்புமை? 'அல்லாதவை' என்று தொகுத்த ஒன்றுக்குத் தனி இயல்பு கற்பிப்பது பிழை. இப்பிழை நிலக்கணக்கில் நேர்ந்தால் மனிதரைத் தொடும்.

ஏனெனில் பறைச்சேரி நீக்கப்பட்ட பட்டியலில் இருப்பதைக் கண்டு, அது ஊருக்கே புறம்பானது என்று கூறுவோர் உளர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. ஊரின் மொத்த வேலிக்குள் அடங்கியிருந்தால் அன்றோ அதனைக் கழிக்க இயலும்! மேலும் அதே கழிவில் கோயிலும் ஊர்நத்தமும் உள்ளன. கோயிலை ஊருக்குப் புறம்பென்று எவரும் சொல்வதில்லையே. 'ஊரில் அடங்குதல்' ஓர் உறவு. 'நெல் அளத்தல்' மற்றோர் உறவு. இரண்டாவது இல்லாமையால் முதலாவதும் இல்லையென முடிவு செய்தல் தகாது.

ஆயினும் கல்வெட்டைக் கொண்டு அக்காலச் சமூகத்தைப் புனிதப்படுத்திவிடவும் நான் விரும்பவில்லை. நத்தமும் சேரியும் இருவேறு உருப்படிகளாகவே எழுதப்பட்டுள்ளன. சில ஊர்களில் சுடுகாடும் பறைச்சுடுகாடும் தனித்தனியே வருகின்றன. வரிக்கு இப்பிரிவு வேண்டியதன்று, இரண்டும் இறையிலியே. வெறுமனே சுடுகாடுகள் இத்தனை மா என்று எழுதியிருந்தாலும் கழிவுத் தொகை மாறியிராது. கணக்கர் அவ்வாறு எழுதவில்லை. நிலத்தின்மேல் முன்னரே கிடந்த எல்லையை அளவுகோல் கண்டபடி பதிந்தனர். 1891 முதல் ஹூல்ட்ஷ் பதிப்பித்த தொகுதியில் அவ்வரிகளை இன்றும் காணலாம்: ஊர்ப்பெயர், மொத்த வேலி, நத்தம், சேரி, இரண்டு சுடுகாடுகள், எஞ்சிய நிலம், அது அளக்கும் நெல்.