பெயர் யார் பொறுப்பில்: .எல்கே முதல் .இலங்கை வரை

நானாட்டான், மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று. கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளையும் நிலம். முருங்கனும் வங்காலையும் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. இங்குள்ள பாடசாலையோ கமக்காரர் அமைப்போ இணையத்தளம் தொடங்க முனைந்தால், எந்தப் பெயரில், யாரிடம் பதிவது என்பதே முதல் கேள்வி. இதற்கு இன்று கிடைக்கும் விடை நாற்பது ஆண்டுகளில் உருவானது. பெயர் வழங்கும் அதிகாரம் ஒரே அலுவலகத்திலிருந்து நாடுகளுக்கும், அங்கிருந்து நிறுவனங்களுக்கும் படிப்படியாக இறங்கிவந்திருக்கிறது. ஊர்வரை வர வழி திறந்துள்ள அந்த அதிகாரத்தை ஊர் தானே ஏற்று நடத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரே பட்டியலிலிருந்து

1980களின் தொடக்கத்தில், இணையத்தின் முன்னோடியான அர்பாநெற் வலையமைப்பின் கணினிப் பெயர்களும் எண் முகவரிகளும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் முறை, பெயர்களை வேரும் கிளையுமாக அடுக்கியது. வேரில் உள்ள சேர்வர் எல்லாப் பெயர்களையும் அறிய வேண்டியதில்லை. அடுத்த கிளைக்குப் பொறுப்பு யார் என்று சொன்னால் போதும். 1984இல் ஜோன் பொஸ்டலும் ஜோய்ஸ் ரெனோல்ட்ஸும் வெளியிட்ட ஆவணம், .காம் போன்ற பொதுப் பெயர்களோடு, ஐஎஸ்ஓ 3166 பட்டியலின் ஈரெழுத்துக் குறிகளை நாடுகளுக்கு வகுத்தது. இலங்கைக்கு 'எல்கே' வந்தது அந்த வழியில்தான்.

1990: கொழும்பும் மன்னாரும்

.எல்கே 1990 ஆகஸ்டில் வேர்ப் பட்டியலில் ஏறியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று வளர்த்த 'லேர்ன்' கல்வி வலையமைப்பின் காலம் அது. .எல்கே பெயர்களைப் பதியும் பதிவகத்தை வளர்த்தெடுத்ததில் அதே பல்கலைக்கழகத்தின் கிகான் டயஸுக்குப் பெரும் பங்குண்டு. 1995இல் வணிக இணையச் சேவை தொடங்கியது.

அதே 1990இல் வடக்கில் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னாருக்கான ரயில் நின்றது. மீண்டும் ஓடியது 2015 மார்ச்சில். இணையம் கொழும்பைச் சுற்றி வேரூன்றிய ஆண்டுகளை மன்னார் போருக்குள் கழித்தது. போருக்குப் பின்னர் இப்பகுதிகளுக்குப் பரவலாக வந்த முகவரிகள் பெரும்பாலும் மேலிருந்து வந்தவை. பிரதேச செயலகத் தளங்கள் 'டிஎஸ்.கவ்.எல்கே' என்ற அரச கிளையின் கீழ் அமைந்தவை. அரச அலுவலகத்துக்கு இது பொருத்தமே. பாடசாலைக்கும் சங்கத்துக்கும் சொந்தப் பெயர் வேண்டும்.

தமிழ் எழுத்தில் முகவரி

யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. ஆனால் முகவரிகளில் ரோமன் எழுத்து, இலக்கம், இணைகோடு தவிர வேறு எதற்கும் இடமில்லை. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு பன்மொழிப் பெயர்களைச் சோதித்தது. 2003இல் வந்த பொதுத் தரம் டிஎன்எஸ்ஸை மாற்றவில்லை. நாம் தட்டும் தமிழை உலாவியே 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ரோமன் சரமாக மாற்றி அனுப்பும்படி செய்தது. நானாட்டான் என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் ந, துணைக்கால், ன, துணைக்கால், ட, புள்ளி, ட, துணைக்கால், ன, புள்ளி எனப் பத்துக் குறியீடுகள். மாற்றிய பின்னும் முகவரியின் ஒரு பகுதிக்கான 63 எழுத்து வரம்புக்குள் அது எளிதில் அடங்கும்.

2007 அக்டோபரில், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தது. 'உதாரணம்.பரிட்சை' என்ற தமிழ் முகவரியும் அவற்றில் ஒன்று. 2010இல் .இலங்கை, அதன் சிங்கள இணையோடு நடைமுறைக்கு வந்தது. .இந்தியாவும் .சிங்கப்பூரும் 2011இல் சேர்ந்தன.

பெயரும் தளமும் இணையுமிடம்

பெயர் பதிவது ஒரு வேலை. அதைத் தளத்தோடு இணைப்பது வேறு வேலை. பதிவகத்தில் பெயர் சேர்வர்களைக் குறிக்க வேண்டும். அந்தச் சேர்வரில் 'ஏ' பதிவு ஹோஸ்டிங் கணினியின் ஐபி எண்ணைச் சொல்லும். ஹோஸ்டிங் கணக்கிலும் அதே டொமைனைச் சேர்க்க வேண்டும். உலாவியும் சேர்வரும் பேசிக்கொள்ளும் விதியாக 1997இல் வந்த எச்டிடிபி 1.1, ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரைக் கட்டாயமாக்கியது. ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இயங்கவும், சிறு சங்கத்துக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு ஹோஸ்டிங் இறங்கவும் அது வழிவிட்டது. ஒரு பதிவைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்வது டிடிஎல். சேர்வர் மாற்றுவதற்கு முந்தைய நாளே அதன் மதிப்பை 86,400 விநாடியிலிருந்து 300ஆகக் குறைத்தால், புதிய முகவரி சில நிமிடங்களில் பரவும்.

இந்த இணைப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை 2021 பெப்ரவரி 6 காட்டியது. கூகுள்.எல்கே உட்படச் சில .எல்கே முகவரிகள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. பெயர்ப் பதிவில் செய்த மாற்றம் ஒன்றே பார்வையாளர்களைத் திசைமாற்றப் போதுமாயிருந்தது.

முடிவுரை

பெயர்ப் பதிவைக் கையாள்பவரே தளத்தை ஆள்கிறார். ஆகவே பதிவு, தளம் அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இருக்கக் கூடாது. அமைப்பின் பெயரிலும் அமைப்பின் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தலைவரும் செயலாளரும் வைத்திருந்து, நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு ஒப்படைக்க வேண்டும். புதுப்பித்தல் தவறி நீக்கப்பட்ட .காம் பெயருக்கு 30 நாள் மீட்புக்காலமும் மேலும் 5 நாளும் உண்டு. பிறகு யாரும் அதைப் பதியலாம். தமிழ் முகவரிகளை ஏற்காத படிவங்களும் மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் உள்ளன. ஆதலால் ரோமன் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்துப் பதிவதே இன்றைக்கு நல்லது. தமிழ் முகவரிக்கான தொழில்நுட்பமும் விதியும் 2010 முதல் இருக்கின்றன. எஞ்சியிருப்பது நானாட்டானின் பாடசாலைகளும் சங்கங்களும் தம் நிர்வாகக் கூட்டங்களில் எடுக்க வேண்டிய முடிவு.