கடற்படைச் சூத்திரமும் காலைப் பசியாறலும்

இணையத்தில் இருக்கும் மருத்துவத் தகவல் நோயாளிக்குப் புரியுமா என்று ஆராய்கிறவர்கள் அடிக்கடி கையில் எடுப்பது பிளெஷ்-கின்கெய்ட் சூத்திரம். பக்கத்தை உள்ளே போட்டால், அமெரிக்காவில் எத்தனையாம் வகுப்பு படித்தவருக்கு அது புரியும் என்று ஓர் எண் வரும். ஆறாம் வகுப்பைத் தாண்டக்கூடாது என்பது அங்கே வழக்கமான பரிந்துரை. பெரும்பாலான பக்கங்கள் தாண்டிவிடுகின்றன.

சூத்திரம் பிறந்தது மருத்துவமனையில் இல்லை. வியன்னாவில் சட்டம் படித்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன ருடால்ஃப் பிளெஷ் 1948இல் அதன் மூல வடிவத்தை வெளியிட்டார். 1975இல் கின்கெய்டும் சகாக்களும் அமெரிக்கக் கடற்படைக்காக அதைத் திருத்தினார்கள். 531 கடற்படையினரிடம் பயிற்சிக் கையேட்டுப் பத்திகளைப் படிக்கக் கொடுத்துச் சோதித்து, எண்களைப் பொருத்தினார்கள். நோயாளி யாரும் அந்தக் கணக்கில் கிடையாது. பிற்பாடு அது மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சும்மா கிடைக்கிற அளவுகோலை யார் விடுவா?

அது பார்ப்பது இரண்டே விஷயம்: வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை உயிரொலி. பொறியியல் படித்த பழக்கத்தில் நானே போட்டுப் பார்த்தேன். 'யூ ஹாவ் டயபெட்டீஸ்' என்ற மூன்று சொல் வாக்கியத்துக்கு 9.18, அதாவது ஒன்பதாம் வகுப்பு. 'யூ ஹாவ் கௌட்' என்றால் மைனஸ் 2.62, பாலர் பள்ளிக்கும் கீழே! நம்ம ஊரில் டயபெட்டீஸ் தெரியாத ஆள் உண்டா? கௌட் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழுக்கு இதைக் கொண்டுவந்தால் கூத்துதான். 'சாப்பிடவேண்டியதில்லை' என்று ஒரே சொல்லில் வாக்கியத்தை முடித்தால், எட்டு உயிரொலிக்கு 79ஆம் வகுப்பு கேட்கிறது. ஆங்கிலத்துக்காகப் பொருத்திய எண்கள்; ஒட்டுமொழியில் வேறெப்படி வரும்?

இதைவிடப் பெரிய சிக்கல் சூத்திரத்தின் கண்ணுக்கே படாதது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். அதை 'விரதம்' என்று எழுதினால், எண்ணிப் பார்க்க மூன்றே மூன்று உயிரொலி, சின்னச் சொல். ஆனால் நம் வீடுகளில் விரதம் என்றால் பலருக்குப் பால் குடிக்கலாம், பழம் சாப்பிடலாம், மச்சம்தான் கூடாது. கிளினிக்கில் மலாயில் 'புவாசா' என்றால் இன்னொரு பக்கம் சாயும். நோன்பு மாதிரி நினைத்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், காய்ந்த தொண்டையோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஆளுக்குச் சர்க்கரை கூடிய மாதிரி காட்டும், அதை நம்பி மருந்தையும் கூட்டிவிடலாம். இரண்டு பேருமே தாளில் இருந்ததைச் சரியாகத்தான் வாசித்தார்கள்.

நீரிழிவு என்று அச்சடித்த தாளைப் பார்த்து, 'இது இனிப்புநீருக்கா, வேற எதுக்காவா?' என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரும் தாளில் நான் எழுதுவதானால் இப்படித்தான் எழுதுவேன்: 'ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க. பால், தேத்தண்ணி, மைலோவும் வேணாம். பச்சத்தண்ணி குடிக்கலாம். காலையில பசியாறாம வாங்க.'